பாஸ், ஆல்டர், ரிஜெக்ட்

2023 மார்ச் முதல் வாரத்தில், திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர் வட்டாரப் பள்ளிகளில் ஒரே பெஞ்சில் இரண்டு வதந்திகள் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்தன. தமிழ்ப் பிள்ளைகளின் வீட்டு போன்களில் ‘வடக்கத்திக்காரங்க நம்மாளுகளை விரட்டி விரட்டி அடிக்கறாங்க’ என்ற வீடியோ. பீகார்ப் பிள்ளைகளின் வீட்டு போன்களில் ‘தமிழ்நாட்டில் இந்தி பேசுகிறவர்களை வெட்டிக் கொல்கிறார்கள்’ என்ற வீடியோ. முதலாவது ஜனவரி மாதத்திலிருந்தே சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டாவது அதன் பின்னால் வந்து, ஒரே வாரத்தில் பாட்னா சட்டமன்றம் வரை போய்விட்டது.

அந்த வாரம் ஒரு எட்டாம் வகுப்பில் பொய்ச்செய்தி பற்றிப் பேச எனக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். எடுத்துப்போன பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, “இந்த வாரம் வீட்டுல என்ன வீடியோ பாத்தீங்க?” என்று மட்டும் கேட்டேன். கைகள் தூக்கப்பட்டன. கடைசி வரிசையில் ஒரு பீகார்ப் பையன், எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் போலவே கொங்குத் தமிழ் பேசுகிறவன், “எங்க பெரியம்மா ஊர்ல இருந்து அழுவறாங்க சார். உடனே கிளம்பி வாங்கன்னு. அம்மா ஒண்ணும் ஆகலைன்னு சொன்னா நம்பவே மாட்டேங்கறாங்க” என்றான். அவன் பக்கத்தில் இருந்தவன் திரும்பி, “உங்காளுக தானடா எங்காளுகளை அடிச்சாங்க” என்றான். வகுப்பு ஒரு நொடி சும்மா இருந்தது. இருவரும் சேர்ந்தே டியூசன் போகிறவர்கள் என்பது பிறகு தெரிந்தது.

ஊடகக் கல்வி பற்றி எங்களுக்குக் கொடுத்த பயிற்சிக் கையேடுகள் எதிலும் இந்த நிலைமைக்குப் பதில் கிடையாது. அவற்றில் வரும் உதாரணங்கள் எங்கோ யாருக்கோ நடந்தவை. இங்கே வதந்திக்கு ஆளான இரு தரப்பும் ஒரே வகுப்பில் இருக்கிறது, ஒரே சத்துணவைச் சாப்பிடுகிறது.

நான் வாத்தியார் இல்லை. நாளிதழ் ஒன்றுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தவன். கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டம், நூல் விலை உயர்வு, சாயப்பட்டறைக் கழிவு, நால்ரோட்டு விபத்து என்று பத்திக்கு இவ்வளவு என்ற கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். பெருமாநல்லூர் வெளியுலகச் செய்தியில் பெரிதாக அடிபட்டது 1970 ஜூனில். மின் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய உழவர்களில் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். நினைவுத் தூண் இன்றும் இருக்கிறது. அந்தக் கதையைப் பெரியவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லக் கேட்டு வளர்ந்தவனுக்கு, ‘நடந்தது என்ன, கேட்டது என்ன’ என்ற கேள்வி சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடத்துக்குள் என்னை இழுத்தது ஊடகக் கல்வி இல்லை, உலக்கை. 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம். கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், திண்டுக்கல் வழியாக அந்தப் பாதை போனது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் மாதிரியான அமைப்புகள் ஊர் ஊராகச் சூரியக் கண்ணாடி கொடுத்துப் பிள்ளைகளைக் கூட்டிக் காட்டின. 1980-ல் தொடங்கிய இயக்கம் அது. ‘துளிர்’ இதழ், குழந்தைகள் அறிவியல் மாநாடு என்று இந்த வேலையில் பழகிய கை. அதே நாளில் வாட்ஸ்அப்பில் இன்னொன்று ஓடியது: தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நிறுத்திய உலக்கை, கிரகணம் விடும்வரை விழாமல் நிற்கும் வீடியோ. விடுமுறை முடிந்ததும் ஒரு பள்ளிக்கு உலக்கையோடு போனோம். அடி தட்டையாக இருந்த உலக்கை சாதாரண வியாழக்கிழமையிலும் நின்றது. ஒரு பிள்ளை நிறுத்தியது, இன்னொரு பிள்ளை நிறுத்தியது, கணக்கு டீச்சரும் நிறுத்தினார். வீடியோவில் இருந்தது பொய்யில்லை, உலக்கை நின்றது உண்மைதான். அதோடு ஒட்டவைத்த காரணம்தான் பொய். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் பின்னாளில் செய்தது எல்லாமே வளர்ந்தது.

கொரோனா ஆண்டில் இந்தத் துறைக்கு ஒரு பெயரும் கொஞ்சம் பணமும் வந்தன. 2020-ல் டேட்டாலீட்ஸ், இன்டர்நியூஸ் அமைப்புகள் ‘ஃபேக்ட்சாலா’ என்ற ஊடகக் கல்வி வலையமைப்பைத் தொடங்கின. பத்திரிகையாளர்கள், பேராசிரியர்கள், தொண்டு நிறுவனத்தார் பயிற்சியாளர் ஆனார்கள். தமிழிலும் வகுப்பு நடந்தது. ஆதரவு கூகுள் தரப்பிலிருந்து. யூடியூபை நடத்துகிற நிறுவனமே யூடியூபை எப்படிச் சந்தேகப்படுவது என்று கற்றுத்தரக் காசு கொடுப்பது வேடிக்கைதான். இருந்தாலும் அதில் படித்த படத்தேடல் நுணுக்கங்கள் எனக்கு இன்றும் உதவுகின்றன, மறுப்பதற்கில்லை. தமிழில் யூடர்ன் போன்றவர்கள் அதற்கு முன்பிருந்தே அன்றாட வதந்திகளைச் சரிபார்த்து வெளியிட்டு வந்ததால் மூலப்பொருளுக்கும் பஞ்சம் இல்லை.

பஞ்சம் நேரத்துக்குத்தான். தொண்டு அமைப்புகள் பள்ளிக்கு வரும் விதத்தை நான் உள்ளிருந்தே பார்த்திருக்கிறேன். காலையில் பேனர் கட்டுவார்கள். நிகழ்ச்சிக்குப் பெயர் ‘விழிப்புணர்வு முகாம்’. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை எல்லோரையும் மரத்தடியில் உட்கார வைப்பார்கள். ஒரு மணி நேரம் ஸ்லைடு, உறுதிமொழி, சான்றிதழ், குரூப் போட்டோ. ‘பயனடைந்த மாணவர்கள்’ என்று அறிக்கையில் ஒரு எண்ணிக்கை ஏறும். அந்த அமைப்பு மறுபடி அந்தப் பள்ளிக்கு வராது, அடுத்த பள்ளிக்குப் போகும்.

இதனால் எதுவும் நடக்காது என்பதைச் சோதித்தே காட்டியிருக்கிறார்கள், அதுவும் நம் கதையோடு சம்பந்தப்பட்ட பீகாரிலேயே. 2019 மக்களவைத் தேர்தல் சமயத்தில் சுமித்ரா பத்ரிநாதன் என்ற ஆய்வாளர், அங்கே வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம் பொய்ச்செய்தி கண்டுபிடிக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். மொத்தத்தில் பலன் தெரியவில்லை. கட்சிப் பற்று உள்ள சிலரிடம் எதிர்விளைவு கூட வந்தது. பிறகு அவரும் சக ஆய்வாளர்களும் வேறு வழியில் போனார்கள். பீகார் அரசின் ஜீவிகா அமைப்பு நடத்தும் நூலகங்களில், 583 கிராமங்களைச் சேர்ந்த 13,500-க்கும் அதிகமான எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு, மாதக்கணக்கில் பரவிய தொடர் வகுப்பு. இந்த முறை பலன் இருந்தது. மாதங்கள் கழித்துக் கேட்டபோதும் நிலைத்திருந்தது, வீட்டில் பெற்றோர் வரைக்கும் கசிந்திருந்தது. ஒரு மணி நேர முகாமுக்கு என்னைக் கூப்பிடுகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு மறுத்துவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

எங்கள் முறைக்கு வடிவம் கொடுத்தது ஒரு அம்மா. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்த வகுப்பு எதற்கு என்று விளக்கிக்கொண்டிருந்தேன். எட்டிவீரம்பாளையம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர் அவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இது நாங்க பாக்கற வேலைதானுங்க. பீஸை வெளிப்பக்கம் மட்டும் பாத்தாப் போதாதுங்க, உள்ள திருப்பிப் பாக்கோணும். டேமேஜ் எங்கன்னு ஸ்டிக்கர் ஒட்டோணும். சும்மா ரிஜெக்ட்டுன்னு தூக்கிப் போட்டா சூப்பர்வைசர் ஏத்துக்க மாட்டாருங்க” என்றார்.

அடுத்த வகுப்புக்கே அம்புக்குறி ஸ்டிக்கர் ரோல் வாங்கிவிட்டேன். பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, ஷேடு மாறியது என்று குறை இருக்கிற இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, அந்தச் சின்னச் சிவப்பு ஸ்டிக்கர். பள்ளியில் மாணவர் கையில் போன் கூடாது. அதனால் பிள்ளைகள் வீட்டில் பார்த்த மெசேஜை எழுதிக்கொண்டு வருவார்கள். நான் அதைத் தேடிப் பெரிதாகப் பிரின்ட் எடுத்து வருவேன். நாலு நாலு பேராக உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். தேதி இல்லையா, அங்கே ஒன்று. ஊர் பெயர் இல்லையா, அங்கே ஒன்று. ‘அதிகம் பகிரவும்’ என்று இருக்கிறதா, கட்டாயம் ஒன்று. கடைப்பலகையில் கன்னடம் இருக்கிறது, மெசேஜ் தமிழ்நாடு என்கிறது, அதற்கும் ஒன்று. ஸ்டிக்கர் ஒட்டாமல் ‘பொய் சார்’ என்று சொன்னால் மார்க் கிடையாது. கடைசியில் மூன்று அட்டைப்பெட்டிகளில் பிரித்துப் போட வேண்டும்: பாஸ், ஆல்டர் (குறையைச் சரிசெய்தால் தேறுவது), ரிஜெக்ட்.

வேலையெல்லாம் அந்த நடுப்பெட்டியில்தான். முழுப் பொய் அரிது. உண்மையான படம், பொய்யான ஊர். உண்மையான சம்பவம், பழைய வருடம். உண்மையான சண்டை, ஒட்டவைத்த காரணம். 2023 மார்ச் விவகாரத்தை வகுப்பில் பிரித்தபோது மூன்று பெட்டிக்கும் சரக்கு இருந்தது. ஜனவரி வீடியோ திருப்பூரில் நடந்ததுதான். டீக்கடைப் பக்கம் தொடங்கிய தகராறு, போலீஸ் வழக்குப் பதிந்து ஆட்களைக் கைது செய்தது. அதை ‘தமிழர்கள் மீது வடவர் படையெடுப்பு’ ஆக்கியது தலைப்பு. ஆல்டர். பீகாரில் பரவிய இரண்டு வீடியோக்களைப் பற்றி அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார்: ஒன்று பீகார்த் தொழிலாளர்களே இரு பிரிவாக மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. இவையும் நடந்த சண்டைகள், வேறு கதைக்கு வேடம் போட்டவை. ஆல்டர். இன்னொரு வீடியோ, அடிபட்டுக் கட்டுப் போட்டுக்கொண்ட தொழிலாளர்கள் பேசுவது. அது பாட்னாவிலேயே ஆள் வைத்து நடித்து எடுத்தது என்று பீகார் போலீஸே கண்டுபிடித்தது. அதைப் பரப்பிய வழக்கில் யூடியூபர் மணீஷ் காஷ்யப் மார்ச் 18-ல் சரணடைந்தார். அது ரிஜெக்ட். பாஸ் பெட்டிக்கு? பீகாரிலிருந்து வந்த அதிகாரிகள் குழு திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்களை நேரில் பார்த்துப் பேசிய செய்தி.

ரயில் நிலையக் கூட்டத்தின் படம்தான் வகுப்பைப் பிளந்தது. ‘உயிருக்குப் பயந்து ஓடும் தொழிலாளர்கள்’ என்ற தலைப்போடு வந்த படம். எங்கே ஸ்டிக்கர் ஒட்டுவது என்று யாருக்கும் புரியவில்லை. அந்தப் பீகார்ப் பையன்தான் எழுந்து வந்து தலைப்பின் மேல் ஒட்டினான். “மார்ச் எட்டு ஹோலி சார். வருசா வருசம் இப்படித்தான் ரயில்ல கூட்டம்.” அந்த வருடம் பயந்து போனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள், அதையும் பேசினோம். ஹோலிக் கூட்டம் பற்றிய தகவல் என்னிடம் இல்லை, டீச்சரிடம் இல்லை, ஃபேக்ட்செக் தளத்தைத் திறக்கும் முன்பே அவனிடம் இருந்தது. பக்கத்து பெஞ்ச் பையன் ஹோலி என்றால் என்ன, எப்போது, ஏன் ஊருக்குப் போவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சரிபார்ப்பதற்குக் கருவியைவிட ஆள் பழக்கம் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு ஊரைப் பற்றிய வதந்தியைச் சரிபார்க்க அந்த ஊர்க்காரன் ஒருவனைத் தெரிந்திருக்க வேண்டும். திருப்பூர்ப் பள்ளிகளில் அந்த வசதி பெஞ்சுக்குப் பெஞ்ச் இருக்கிறது, நாம்தான் பயன்படுத்துவதில்லை.

இந்த வேலையில் நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. நாலைந்து வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு போதை வரும். எதைக் காட்டினாலும் ‘ஃபேக் சார்’. ஒரு பொண்ணு கேட்டாள்: “அப்ப எதையுமே நம்பக் கூடாதுங்களா சார்?” அந்த இடத்தில் பாடத்தை நிறுத்தினால், நாங்கள் செய்தது கெடுதல்தான். எதையும் நம்பாதவனும் ஏமாறுகிறான். தடுப்பூசி பற்றி டாக்டர் சொல்வதும் அவனுக்கு ஃபேக். 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாம் வந்தபோது வாட்ஸ்அப் ஆடியோவைக் கேட்டு, பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோரை நிருபராக நான் பார்த்தேன். அவர்கள் யாரும் எதையும் கண்ணை மூடி நம்புகிறவர்கள் இல்லை. ரொம்பவே சந்தேகப்படுகிறவர்கள்.

அதனால் நம்புவதையும் பாடமாக வைத்தேன். இதற்கு என் பழைய தொழில் கைகொடுத்தது. நாளிதழின் கடைசிப் பக்கத்தில் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் இன்னார், அச்சகம் இந்த முகவரி. 1867-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கிய வரி அது. பிள்ளைகள் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. தேர்தல் நோட்டீஸிலும் அச்சகத்தின் பெயர் இருந்தாக வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு சொல்கிறது. வீட்டுப்பாடமாக, கையில் கிடைக்கிற அச்சுத்தாளில் எல்லாம் அந்த வரியைத் தேடச் சொன்னேன். கோயில் நோட்டீஸ், ஜவுளிக்கடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் வந்தன. பொய் எழுதினால் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று சொல்கிற வரி அது. செய்தித்தாளும் தப்பு பண்ணும், நானும் தப்பான செய்தி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மறுநாள் திருத்தம் போடச் சொல்லிச் சண்டை போட ஒரு முகவரி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வருகிற மெசேஜுக்கு அது இல்லை. குறைந்தது அஞ்சு கை மாறி வந்தது, அனுப்பியவரே எழுதியது இல்லை என்பதற்கு அந்த நிறுவனமே வைத்த அடையாளம்தான் அந்த இரட்டை அம்பு.

2018 மே 9-ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே நடந்ததைப் பெரிய வகுப்புகளில் மட்டும் சொல்வேன். குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னைப் பெண்மணி, 65 வயது, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியில் ஊறிப்போயிருந்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது. இதைச் சொன்ன பிறகு வகுப்பில் ஸ்டிக்கர் ஒட்டும் விளையாட்டு கிடையாது, அன்றைக்கு அதோடு சரி.

“அரசியல் மட்டும் வேண்டாமுங்க” என்பார்கள் தலைமையாசிரியர்கள், தவறாமல். அவர்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. உலக்கை, அதிசய மூலிகை, லாட்டரி மெசேஜோடு நிறுத்திக்கொண்டால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பிள்ளைகளின் போனில் வருவதில் பாதி அரசியல்தான். நான் கண்ட வழி, உதாரணத்தை நான் தேர்ந்தெடுக்காமல் இருப்பது. பிள்ளைகள் கொண்டுவருவதே பாடம். எந்த ஊரிலும் எல்லாக் கட்சி வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள், சரக்கு தானாகச் சமமாகிவிடும்.

இங்கேதான் அரசு அல்லாத அமைப்புகளுக்கு ஒரு தனி இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2023-ல் தமிழ்நாடு அரசு தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை அமைத்தது. ஒன்றிய அரசு தன்னைப் பற்றிய செய்திகளைத் தானே பொய் என்று அறிவிக்கும் அதிகாரத்தோடு ஒன்றை அமைக்க முயன்றது. பம்பாய் உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அந்த விதியை ரத்து செய்தது. எந்த அரசானாலும் வதந்திக்கு மறுப்பு சொல்லட்டும், சொல்ல வேண்டும். ஆனால் அரசு சொல்வதையும் உள்ளே திருப்பிப் பார்க்கிற பழக்கத்தை அரசே ஆர்வமாகச் சொல்லித்தரும் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்கு வெளியாள் வேண்டும்.

வெளியாளால் மட்டும் முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கேரளத்தைப் பாருங்கள். 2018-ல் கண்ணூர் ஆட்சியர் மீர் முகமது அலி சுமார் 150 அரசுப் பள்ளிகளில் ‘சத்யமேவ ஜயதே’ என்று பொய்ச்செய்தி வகுப்பைத் தொடங்கினார். 2022-ல் அந்த மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் அதே பெயரில் 19.72 லட்சம் மாணவர்களிடம் கொண்டுபோனது. பிறகு பாடப்புத்தகத்துக்குள்ளேயே உண்மை சரிபார்த்தல் வந்துவிட்டது. எந்தத் தொண்டு அமைப்பும் கனவில்கூடக் காணாத எண்ணிக்கை அது. எங்களால் ஒரு வட்டாரத்தில் நாலு பள்ளியில் ஆழமாகச் செய்ய முடியும். நாங்கள் ஓய்ந்தால் அதுவும் போச்சு. எனக்குத் தெரிந்து இதே பகுதியில் ஒரு குழு நன்றாக நடத்திய வகுப்பு, நிதி நின்ற மாதத்தோடு நின்றது. பொருளை எல்லாம் மூட்டை கட்டி யார் வீட்டிலோ வைத்தார்கள்.

வீடுதான் கடைசித் தடை. அப்பா, அம்மா இருவரும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் வீட்டில், இரவு எட்டரை வரை பிள்ளைக்குத் துணை போன். அம்மா வந்ததும் போன் அம்மா கைக்குப் போகும். பாட்டி கையில் இருந்தால் சொல்லவே வேண்டாம். “எங்க அமுச்சி அனுப்பறதெல்லாம் ஆல்டருங்க சார், ஆனா சொன்னாத் திட்டுவாங்க” என்றான் ஒருவன். பெரியவர்களைத் திருத்துவது எப்படி என்பது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. குடும்ப குரூப்பில் எல்லார் முன்னாலும் ‘இது பொய்’ என்று போடாதே, பக்கத்தில் உட்கார்ந்து ‘அமுச்சி, இது எந்த ஊருங்க?’ என்று கேள் என்று சொல்லிக்கொடுத்தோம். கேள்வி கேட்டால் அமுச்சிகள் கோபப்படுவதில்லை. சிலர் அனுப்பியவரிடமே திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்.

இதைப் படிக்கிற தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகாமுக்கு அனுமதி கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதற்குப் பதில் ஒரே ஒரு வகுப்புக்கு, இரண்டு வாரத்துக்கு ஒரு பீரியடு, ஒரு கல்வியாண்டு முழுக்க வர முடியுமா என்று கேளுங்கள். உங்கள் ஆசிரியர் ஒருவரும் கூடவே உட்காரட்டும், அடுத்த ஆண்டு அவரே நடத்துவார். அமைப்புகளுக்கு: பேனரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு: அச்சகத்தில் வேலை பார்த்தவர், நிருபராக இருந்தவர், செக்கிங் டேபிளில் இருபது வருடம் நின்றவர் யாராக இருந்தாலும் இந்த வகுப்பை எடுக்கலாம். கல்லூரிப் பட்டம் தேவையில்லை. ஒரு ஸ்டிக்கர் ரோலும், அந்த வாரம் உங்கள் போனுக்கு வந்த நாலு மெசேஜும் இருந்தால் போதும்.